சாமான் குவிஞ்ச வீட்டைக் காலி பண்ணியாச்சு, நாத்தம் மட்டும் போகல: முழுமையான வழிகாட்டி

வருஷக்கணக்கா எதையும் வெளிய போடாம சேர்த்து வெச்ச வீடு. பேப்பர் கட்டு, பழந்துணி மூட்டை, ஓடாத மிக்ஸி, பை மேல பையா பாலிதீன் எல்லாத்தையும் ஏத்தி அனுப்பியாச்சு, இப்ப தரை தெரியுது, ஆனா உள்ள நின்னு ரெண்டு வார்த்தை பேச முடியல. இந்த இடத்துல தான் நம்ம ஊர்ல பெரும்பாலும் என்ன பண்றாங்கன்னா, கேன் கேனா பினாயில் ஊத்தி, சாம்பிராணி போட்டு, உடனே பெயிண்டரை வர சொல்லிடறாங்க. ஐப்பசி மழை ரெண்டு நாள் பெஞ்சா போதும், அதே நாத்தம் புது பெயிண்ட்டுக்குள்ள இருந்து கிளம்பி வரும்.

நாத்தம் காத்துல இருக்குன்னு நினைக்கறதால தான் இந்த சிக்கலே. ஏதோ ஒரு பொருள் எங்கயோ ஊறிப்போய் உக்காந்திருக்கு, அதுல இருந்து ஆவி வந்துகிட்டே இருக்கு, ஈரமோ சூடோ ஏறினா கூடுதலா வருது, அவ்வளவு தான். அந்தப் பொருளை எடுக்கணும், எடுக்க முடியலன்னா கழுவணும், அப்பறம் கிருமி நீக்கணும், நல்லா காய வைக்கணும், கடைசில தான் பூசணும். இந்த வரிசையை மாத்தினா செலவு ரெண்டு மடங்கு. அழுக்கு மேல ஊத்தின கிருமிநாசினி அழுக்கோட சண்டை போட்டே தீர்ந்துடும், கிருமி கிட்ட போய் சேராது.

அந்த வீட்டுக்காரங்க உயிரோட இருக்காங்க, திரும்ப அங்க வாழப்போறாங்கன்னா ஒரு விஷயம். இப்படி சேர்த்து வெக்கறது சோம்பேறித்தனம் இல்ல, 2013ல வந்த டிஎஸ்எம் 5ல, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட நோய்ப் பட்டியல் புத்தகத்துல, தனி மனநலக் கோளாறாவே இதை சேர்த்திருக்காங்க. அவங்க முன்னாடி நின்னுகிட்டு "என்ன குப்பை இது"ன்னு பேசாதீங்க, எந்த சாமானையும் கேக்காம தூக்காதீங்க. டாக்டர் கிட்ட கூட்டிட்டு போக யோசனையா இருந்தா அரசாங்க மனநல உதவி லைன் டெலிமானஸ் 14416 நம்பர்ல தமிழ்லயே பேசலாம், காசு இல்ல. இது நடக்கலன்னா நீங்க கழுவற கழுவு எல்லாம் அடுத்த தீபாவளிக்குள்ள மறுபடி மூடிடும்.

உள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடி

மெயின் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணுங்க. எலி இருந்த வீட்டுல ஒயர் கடிபடாம இருக்காது, சுவத்துல தண்ணி அடிக்கப்போறோம் வேற, அதனால எலக்ட்ரீசியன் ஒரு தடவை பார்த்து சொன்னப்பறம் தான் கரண்ட். வெளிச்சத்துக்கு பக்கத்து வீட்டுல இருந்து ஒயர் இழுத்துக்கோங்க.

எலி இருக்கற இடத்துக்கு பாம்பு வரும். சேலத்துல மலை அடிவாரம் பக்கம், கன்னங்குறிச்சி மாதிரி இடத்துல வீடுன்னா மூலைல கிடக்கற கடைசி சாக்கை கையால இழுக்காதீங்க, நீளக் கம்பால புரட்டுங்க. தேளும் அப்படித்தான்.

துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் எல்லாம் இதுக்கு பத்தாது, என்95 தான் வேணும், மூக்கு மேல கம்பியை நல்லா அமுக்கி போடணும். முழங்கை வரைக்கும் ரப்பர் கிளவுஸ், கண்ணாடி, கம்பூட். கால்ல வெட்டுக்காயம் இருக்கறவங்க, ஆஸ்துமாக்காரங்க, கர்ப்பமா இருக்கறவங்க, சின்னப்பசங்க வரவே வேணாம். டிடி ஊசி போட்டு ரொம்ப வருஷம் ஆச்சுன்னா டாக்டர் கிட்ட கேட்டு போட்டுக்கோங்க. வேலை முடிஞ்சு ஒரு மாசத்துக்குள்ள திடீர்னு காய்ச்சல் வந்து, கெண்டைக்கால் சதை வலிச்சு, கண்ணு சிவந்தா மெடிக்கல்ல மாத்திரை வாங்கி சமாளிக்காம டாக்டர் கிட்ட போய் "எலி இருந்த வீட்டை சுத்தம் பண்ணேன்"னு வாயைத் திறந்து சொல்லுங்க. எலிக்காய்ச்சல் பெரும்பாலும் எலி மூத்திரத்துல இருந்து தான் வருது, நீங்க சொன்னா தான் அவருக்கு அந்தப் பக்கம் யோசனை போகும்.

எலிப்புழுக்கை, புறா எச்சம்: விளக்குமாறு தொடவே கூடாது

காஞ்ச புழுக்கையை கூட்டினா அந்த தூசி நேரா நுரையீரலுக்கு போகும். வேக்குவம் கிளீனரும் வேணாம். ஜன்னல் கதவெல்லாம் திறந்து விட்டு அரை மணி நேரம் வெளிய நில்லுங்க. அப்பறம் ப்ளீச் தண்ணியை (அளவு கீழ கிருமிநாசினி பகுதில இருக்கு) மெதுவா தெளிச்சு நல்லா நனைக்கணும், பீச்சி அடிக்கக் கூடாது. அஞ்சு நிமிஷம் ஊறினதும் பழைய பேப்பராலயோ துணியாலயோ வழிச்சு எடுத்து ரெண்டு பை போட்டு கட்டிடுங்க. லாஃப்ட்ல, ஜன்னல் ஷேடு மேல கிடக்கற புறா எச்சத்துக்கும் இதே தான்.

எங்க இருந்து நாத்தம் வருதுன்னு கண்டுபிடிக்கறது

மூக்கை நம்பி ரொம்ப நேரம் உள்ள நிக்காதீங்க. கொஞ்ச நேரத்துல மூக்கு மரத்துப்போயிடும், "இப்ப பரவால்லயே"ன்னு தோணும், அது வீடு சரியானதால இல்ல. வெளிய போய் கொஞ்ச நேரம் நின்னுட்டு திரும்ப உள்ள வாங்க, முதல் மூச்சுல என்ன தெரியுதோ அது தான் நிஜம்.

ஒவ்வொரு நாத்தத்துக்கும் ஒரு குணம் இருக்கு. கண்ணை எரிக்கற காரமான நெடின்னா மூத்திரம். மண்ணு வாசனை, பழைய புத்தக வாசனைன்னா பூசணம். எண்ணெய் சிக்கு வாடைன்னா கரப்பான், சாமி படத்துக்குப் பின்னாடி, காலண்டர் ஆணிக்குக் கீழ, மிக்ஸி ஸ்விட்ச் போர்டுக்குள்ள தேடுங்க. வயித்தைக் குமட்டற இனிப்பு கலந்த நாத்தம்னா எங்கயோ எலி செத்திருக்கு, அதுக்கு ஒரே அடையாளம் பச்சை ஈ, எந்த இடுக்குல ஈ மொய்க்குதோ அங்க தோண்டுங்க. சாக்கடை நாத்தம்னா முதல்ல நானி ட்ராப்பை, அதாவது பாத்ரூம் தரைல தண்ணி போற ஜல்லடைக்குக் கீழ இருக்கற கிண்ணத்தைப் பாருங்க. ரொம்ப நாள் புழங்காத பாத்ரூம்ல ட்ராப்புல நிக்கற தண்ணி வத்திப்போயி சாக்கடை காத்து நேரா வீட்டுக்குள்ள வரும். ஒவ்வொரு ட்ராப்புலயும் ஒரு பக்கெட் தண்ணி ஊத்துங்க, வீடு பூட்டியே இருக்கப்போகுதுன்னா மேல ரெண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டா தண்ணி சீக்கிரம் வத்தாது. செலவே இல்லாத வேலை, ஆனா இதைப் பார்க்காம பிளம்பரை வெச்சு பைப் மாத்தினவங்க உண்டு.

காஞ்ச மூத்திரக் கறை பெரும்பாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. யூவி டார்ச் ஒன்னு வாங்கி ராத்திரி லைட் எல்லாம் அணைச்சுட்டு அடிச்சுப் பாருங்க, மங்கலான மஞ்சப் பச்சையா மின்னும். சோப்புத்தூளும் மின்னும், அதனால மின்னற இடத்துகிட்ட மூக்கை கொண்டு போய் உறுதி பண்ணிக்கோங்க, மின்னற இடத்தை சுத்தி சாக்பீஸால கோடு போட்டு வெச்சா காலைல தேட வேண்டியதில்ல. நிறைய பேர் விடற இடம் கதவோட அடி விளிம்பு. கதவு முன்னாடி பின்னாடி பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, அடியில வெறும் மரம் தான் இருக்கும், பூனை இருந்த வீடுன்னா அங்க ஊறி கன்னங்கரேல்னு உப்பிப்போய் இருக்கும். கதவைக் கழட்டி படுக்க வெச்சுப் பார்த்தா தான் தெரியும்.

கழுவற வேலை

ஒட்டடை முதல்ல, அப்பறம் சீலிங், அப்பறம் ஃபேன் றெக்கை, சுவர், கடைசியா தரை. சுவரை மட்டும் கீழ இருந்து மேல கழுவுங்க, மேல இருந்து ஆரம்பிச்சா காஞ்ச சுவத்துல அழுக்குத் தண்ணி கோடு கோடா இறங்கி கறை பிடிச்சுடும். சுடுதண்ணில சலவை சோடாவும் கொஞ்சம் பாத்திரம் கழுவற லிக்விடும் கலந்துக்கோங்க, சமையக்கட்டு பிசுக்கு, பீடி சிகரெட் புகையால மஞ்சளாப் போன சுவர் ரெண்டுக்கும் இது தான் மருந்து. புகைக் கறை இருக்கற சுவத்துல துணியை ஒரு இழுப்பு இழுத்தா டீ டிகாஷன் கலர்ல வழியும். அது வழியற வரைக்கும் தண்ணியை மாத்தி மாத்தி கழுவணும், அப்பறம் நல்ல தண்ணில ரெண்டு தடவை அலசணும். இந்த வேலைக்கு நேரம் பாக்காதீங்க, பாதி நாத்தம் இங்கயே போயிடும், மிச்சத்துக்கு தான் மத்த வித்தை எல்லாம்.

ஆசிட் வேணாம். கடப்பா கல் அலமாரி, மொசைக், பழைய ரெட் ஆக்ஸைடு தரை மூணையும் ஆசிட் அரிச்சுடும், பளபளப்பு போனா திரும்ப வராது. வினிகரும் ஒரு ஆசிட் தான், இந்தக் கல்லு மேல அதையும் ஊத்தாதீங்க.

மூத்திரம் ஊறின தரைக்கு தனி வைத்தியம்

இதை மட்டும் பொறுமையா படிங்க, ஏன்னா உயிருக்கு ஆபத்தான தப்பு நடக்கறது இங்க தான். மூத்திரத்துல அமோனியா இருக்கு. அது மேல ப்ளீச் ஊத்தினா குளோரமைன்னு ஒரு விஷ வாயு வரும். ப்ளீச்சோட டாய்லெட் கழுவற ஆசிட் சேர்ந்தா குளோரின் வாயு, பூட்டின பாத்ரூம்ல அது ஆளையே சாய்ச்சுடும். ப்ளீச்சோட வினிகர் கூடாது, ஹைட்ரஜன் பெராக்சைடோட வினிகரும் கூடாது. ஒரு நேரத்துல ஒரு பாட்டில், அது முடிஞ்சு அலசி காஞ்சப்பறம் தான் அடுத்த பாட்டில். கண்ணு எரிஞ்சு மூச்சு அடைச்சா எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு வெளிய ஓடிடுங்க, திரும்ப போய் பாட்டிலை மூடறேன்னு நிக்காதீங்க.

சிமெண்ட் தரை ஸ்பாஞ்ச் மாதிரி, மேல துடைச்சாலும் உள்ள இருக்கும். மூத்திரத்துல இருக்கற யூரிக் ஆசிட் காஞ்சு உப்புப் பொடியா உக்காந்துக்கும், சோப்புல கரையாது, மழைக்காலத்து ஈரம் பட்டா உயிர் வந்து நாறும். அதுக்கு என்சைம் கிளீனர் தான், நாய் பூனை சாமான் விக்கற கடைல கிடைக்கும். முதல்ல சோப்புத்தண்ணில தேய்ச்சு அலசி விடுங்க. அப்பறம் என்சைமை எவ்வளவு தூரம் மூத்திரம் இறங்கியிருக்குமோ அவ்வளவு தூரம் இறங்கற அளவுக்கு தாராளமா ஊத்தி, மேல பிளாஸ்டிக் ஷீட் போட்டு காயாம ராத்திரி முழுக்க விடணும். தெளிச்சு துடைச்சா அது வெறும் வாசனைத் தண்ணி தான். அதோட, அதே இடத்துல முன்னாடியே ப்ளீச்சோ பினாயிலோ போட்டிருந்தா என்சைம் வேலை செய்யாது, நல்லா அலசிட்டு தான் ஊத்தணும்.

ரெண்டு மூணு சுத்து என்சைம் போட்டும் மிச்சம் இருந்தா மெடிக்கல்ல கிடைக்கற 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை பாதிக்குப் பாதி தண்ணி கலந்து ஊத்தி தேய்ங்க. மரத்துலயும் கலர் துணிலயும் போட்டா வெளுத்துடும்.

கிருமிநாசினி: அளவும் நேரமும்

விலை உயர்ந்த எதுவும் தேவையில்ல, ப்ளீச்சிங் பவுடர் போதும். ஆனா புதுசா வாங்குங்க, திறந்து கிடந்த பவுடர்ல குளோரின் பறந்து போயிருக்கும், மூட்டையைத் திறந்ததும் சுருக்குன்னு நெடி அடிக்கலன்னா அது வெறும் சுண்ணாம்பு. நல்ல பவுடர்ல 30 சதவீதம் கிட்ட குளோரின் இருக்கும். சாதாரண தரை, கதவுக் கைப்பிடி, ஸிங்க் இதுக்கெல்லாம் லிட்டருக்கு 3 கிராம் போட்டா 0.1 சதவீதம் வரும். எலி, எச்சம், கக்கூஸ் பக்கம்னா லிட்டருக்கு 15ல இருந்து 17 கிராம், அது 0.5 சதவீதம். பிளாஸ்டிக் பக்கெட்டுல கலக்கி அரை மணி நேரம் தெளிய விட்டு மேல இருக்கற தண்ணியை மட்டும் எடுங்க. தரை பத்து நிமிஷம் ஈரமாவே இருக்கணும், தெளிச்ச கையோட துடைச்சா தெளிச்சதே வீண். அன்னிக்கு கலக்கினது அன்னிக்கே தீரணும், மறுநாளைக்கு அதுல சத்து இருக்காது. இரும்பு சாமான் மேல பட்டா உடனே நல்ல தண்ணில அலசுங்க, துரு பிடிச்சுடும்.

மேல் தொட்டியையும் சம்பையும் மறக்காதீங்க. செத்த பல்லி கிடக்கற தொட்டித் தண்ணில வீடு கழுவி என்ன பிரயோஜனம்.

சாமான்கள்

இலவம்பஞ்சு மெத்தை தலகாணி எதையும் காப்பாத்த நினைக்காதீங்க, தூக்கிடுங்க. பஞ்சை எடுத்து அடிச்சு திரும்ப தைக்கலாம்னு யாராவது சொல்வாங்க, மூத்திரமோ எலியோ பட்ட பஞ்சுன்னா வேணவே வேணாம்.

துணியை சூடு தண்ணில ஊற வெச்சு துவைச்சு, சேலம் சித்திரை வெயில்ல ரெண்டு பக்கமும் புரட்டிக் காய போட்டா போதும். கடைசி அலசல்ல அரை கப் வினிகர் சேர்த்தா மக்கின வாடை நிக்காது. பட்டுக்கு மட்டும் வினிகரும் கூடாது வெயிலும் கூடாது, நிழல்ல காத்தாட தொங்க விட்டு டிரை கிளீனிங் குடுத்துடுங்க. அந்துருண்டையை அள்ளிப் போட்டு நாத்தத்தை அமுக்கற பழக்கத்தையும் விட்டுடுங்க, அந்த ஆவி கைக்குழந்தைங்களுக்கு ஆகாது, ஜி6பிடிங்கற என்சைம் ரத்தத்துல பிறவியிலேயே குறைவா இருக்கற குழந்தைக்கு ரத்த சிவப்பணுவே உடையும்.

இரும்பு பீரோ கழுவினா தேறும். ஃப்ரிட்ஜ்ல பின்னாடி கம்ப்ரஸர் மேல ஒரு தண்ணி ட்ரே இருக்கும், எல்லாரும் உள்ள தேய்ச்சுட்டு அதை விட்டுடுவாங்க. அழுகின கறி, மீன் தண்ணி உள்சுவர் ஃபோமுக்குள்ள இறங்கியிருந்தா அந்த ஃப்ரிட்ஜை மறந்துடுங்க.

தேக்கு அலமாரி மாதிரி நல்ல மரம்னா கழுவாதீங்க, ஈரத்துணில துடைச்சு வெயில்ல வெச்சு, உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, அரக்கு பாலிஷ் ரெண்டு கோட் அடிக்க சொல்லுங்க. அரக்கு நாத்தத்தை உள்ளயே பூட்டிடும். முக்கியமா டிராயரோட உள்பக்கமும் அடிப்பக்கமும் அடிக்கணும், அங்க தான் பாலிஷே பார்க்காத பச்சை மரம் இருக்கும். ஸ்பிரிட் கலந்தது, அடிக்கும்போது அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்துல கூடாது.

தறிக்குழி இருக்கற வீடு

அம்மாபேட்டை, குகை பக்கம் பழைய நெசவு வீடுகள்ல தறி நின்னுபோன அப்பறம் அந்தக் குழிக்குள்ள தான் எல்லா சாமானும் முதல்ல போகும், மேல பலகை போட்டு மூடி அது மேலயும் அடுக்கியிருப்பாங்க. வீடு முழுக்க கழுவியும் நாத்தம் நிக்கலன்னா அங்க பாருங்க. கழிவு நூலும் பழந்துணியும் மக்கி மண்ணோட மண்ணா இருக்கும், கைல எடுத்தா பிசுபிசுன்னு வரும். எல்லாத்தையும் வழிச்சு, அடிமண்ணையும் அரை அடிக்கு வெட்டி எடுத்துட்டு, சுண்ணாம்புத்தூள் தூவி நாலஞ்சு நாள் திறந்தே காய விடுங்க. திரும்ப தறி போடற எண்ணம் இல்லன்னா புது கிராவல் கொட்டி, தண்ணி விட்டு இடிச்சு, மேல காங்கிரீட் போட்டுடலாம். ஈர மண்ணு மேல காங்கிரீட் போட்டா குழியை மூடினதா அர்த்தம் இல்ல, நாத்தத்தை ஊறப்போட்டதா அர்த்தம்.

காய வைக்கறது: சேலம் வேற, ஏற்காடு வேற

சேலத்துல இருக்கறவங்க பாக்கியசாலிங்க. மாசில இருந்து வைகாசி வரைக்கும் இந்த வேலையை வெச்சுக்கிட்டா வெயிலே பாதி வேலையைப் பார்த்துடும். எதிர் எதிர் ஜன்னலைத் திறந்து, ஒரு ஜன்னல்ல டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வைங்க, உள்ள இருக்கற காத்தை வெளிய தள்ளணும்.

ஏற்காட்டுல இதே வேலையைப் பண்ணா காரியம் கெட்டுடும். கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், பனி ஜன்னல் வழியா நேரா உள்ள வரும், காத்தோட்டம்னு ஜன்னலைத் திறந்து விட்டா ஈரத்தைத் தான் கூப்பிடறோம். நாகலூர் பக்கம் எஸ்டேட் வீடெல்லாம் அடைமழைல சுவரே வேர்க்கும். அங்க பனி விலகி வெயில் ஏறினப்பறம் காலைல 11 மணிக்கு மேல திறந்து 3 மணிக்கெல்லாம் மூடிடணும், மீதி நேரம் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கற டீஹியூமிடிஃபையர் மிஷினை ஓட விடணும், ரூம்ல ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழ நிக்கணும். அதைப் பார்க்க சின்ன மீட்டர் ஒன்னு சல்லிசா கிடைக்குது. நனைஞ்ச பொருள் ஒன்னு ரெண்டு நாளைக்குள்ள காயலன்னா பூசணம் பிடிக்க ஆரம்பிச்சுடும், அதனால மலை மேல ஒரே நாள்ல வீடு முழுக்க நனைக்காம ஒரு ரூம் முடிச்சு காஞ்சப்பறம் அடுத்த ரூமுக்கு போங்க. மழைக்காலமா இருந்தா, தை மாசம் வரட்டும்னு காத்திருக்கறது தான் புத்திசாலித்தனம்.

பூசணம் டைல்ஸ்ல இருந்தா ப்ளீச் போதும். ப்ளைவுட், ஃபால்ஸ் சீலிங் அட்டைல ஏறிட்டா ப்ளீச் மேல்கறையை வெளுக்கும், வேர் உள்ளயே இருக்கும், அறுத்து எடுத்துடுங்க. ஓட்டுல ஒழுகல் இருந்தா அதை அடைக்காம எந்த வேலையும் ஆரம்பிக்காதீங்க.

பூச்சு

தரையும் சுவரும் காஞ்சுதான்னு கண்ணால பார்த்து சொல்ல முடியாது. ஒன்றரை அடி சதுரத்துக்கு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்க, அடியில வேர்த்திருந்தா பெயிண்டர் இன்னும் காத்திருக்கட்டும். ஷீட்டைப் பிரிச்ச உடனே மூக்கை வெச்சு பாருங்க, அந்த இடத்து நாத்தமும் அடியில சேர்ந்து நிக்கும்.

எதுவும் அடிக்காத வெறும் காரைச் சுவரோ, ஏற்கெனவே சுண்ணாம்பு அடிச்ச பழைய சுவரோ இருந்தா, நல்ல கல் சுண்ணாம்பை ஊற வெச்சு ரெண்டு கோட் அடிங்க, கடுமையான காரத்தன்மைல பூசணம் பிழைக்காது, சுவரும் மூச்சு விடும். கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போட்டுக்கிட்டு அடிக்க சொல்லுங்க. எமல்ஷன் அடிச்ச சுவத்துல சுண்ணாம்பு ஒட்டாது, அங்க ஆயில் பிரைமர் போட்டு மேல பெயிண்ட். தண்ணி பிரைமர் நாத்தத்தையும் புகைக் கறையையும் தடுக்காது, பெயிண்டர் அது தான் சுலபம்னு சொல்வாரு, ஒத்துக்காதீங்க.

நாத்தம் போக ஓசோன் வாயுவை விடற ஓசோன் மிஷின் வாடகைக்கு எடுக்கலாமான்னு சிலர் கேக்கறாங்க. மூலப்பொருள் உள்ள இருக்கும்போது அது காசுக்கு கேடு. எல்லாம் கழுவி முடிச்சு லேசா வாடை மிச்சம் இருந்தா மட்டும், மனுஷங்க, கிளி, பூனை, செடி எதுவும் உள்ள இல்லாம ஓட்டி, நல்லா காத்து விட்டப்பறம் தான் உள்ள போகணும். ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும், ரப்பரையும் அரிக்கும்.

கடைசி சோதனை

பெயிண்ட் வாசனை போனதுக்கு அப்பறம் ஒரு நாள் சாயந்திரம் எல்லா ஜன்னலையும் அடைச்சு பூட்டிட்டு, மறுநாள் மத்தியானம் வீடு சூடேறினப்பறம் திறங்க. அந்த வீட்டை முன்னாடி பார்த்திராத ஒருத்தரை முதல்ல உள்ள அனுப்புங்க, உங்க மூக்கு சாட்சிக்கு ஆகாது. அவர் மூக்கு சுளிக்கற ரூமை மட்டும் தனியா எடுத்து ஷீட் ஒட்டி இடத்தைக் கண்டுபிடிங்க. பெரும்பாலும் ஒரு மூலையோ ஒரு தரைத் துண்டோ தான் மாட்டும், வீடு முழுக்க திரும்ப கழுவ வேண்டாம், அந்த இடத்துப் பூச்சைக் கொத்திட்டு புதுசா பூசினா முடிஞ்சுது.